முடியாது இலவசம்

மே 1, வியாழன்

நேற்று சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் செய்த காரியத்துக்கு இன்று காலை ஏழு மணிக்கு விளைவு வந்து நின்றது. ஒரு தூக்குப்போசி, இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு குண்டான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து பதினைந்து நாளாகிறது. படிப்பும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் சுவர் வந்துவிடுகிறது. எங்களுடையது திருப்பூரில் ஒரு லைன் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். எட்டு வீட்டுப் பெரியவர்களும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலில் நானும் என் தம்பி கவினும் வெயிலும்தான். அதனால் சாக்பீஸ் எடுத்து கேட் சுவரில் எழுதினேன்: "இலவச சேவை. அணுகவும்: 3ஆம் நம்பர் வீடு."

என்ன சேவை என்று எழுதவில்லை. அதுதான் ஜோக். யாராவது வந்து "என்ன சேவை?" என்று கேட்டால், "கேள்விக்குப் பதில் சொல்லும் சேவை, இத்துடன் நிறைவடைந்தது, நன்றி" என்று சொல்லிக் கும்பிடுவதாகத் திட்டம்.

ஒருத்தரும் கேட்கவில்லை. மே தினம், கம்பெனி லீவு, மூணாம் நம்பரில் ஏதோ வேண்டுதல், இடியாப்பம் மாதிரி சேவை பிழிந்து ஊருக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டிப் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். எட்டாம் நம்பர் வேலுச்சாமி அண்ணன் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டே, "தேங்காய்ச் சேவையா, லெமன் சேவையா கண்ணு?" என்றார்.

அம்மா ஒரே வரி சொல்லியிருக்கலாம். "என்ற புள்ள கிறுக்குனதுங்க, சேவையும் இல்ல ஒண்ணுமில்ல." நான் திட்டு வாங்கத் தயாராகக் காதைக்கூடப் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் அம்மா சிரித்த முகமாக, "வாங்க வாங்க. அரிசி ஊறீட்டு இருக்குதுங்க. மத்தியானம் வந்துருங்க" என்றாள்.

அரிசி மூட்டைக்குள் இருந்தது. ஊறவே இல்லை. இப்படியும் ஒரு மனுஷி. வாசலில் நிற்கிற ஆளிடம் இல்லை என்று சொல்வதைவிட எட்டுப் படி அரிசி ஊறவைப்பது சுலபம் என்று நினைக்கிற மனுஷி.

மத்தியானத்துக்குள் நாலு பாத்திரம் பதினொன்று ஆனது. பிழிகிற மிஷினின் கைப்பிடியைச் சுற்றியது நான். தண்டனையாம்.

மே 2, வெள்ளி

வலது கை தூக்க முடியவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். ஆகவே இவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். தேங்காயை உடைத்துக் கொப்பரை காயப்போடுகிற இடம். அப்பாவுக்கு ஏழு வயதில் தாத்தா இறந்துவிட்டதால், தம்பியை சைக்கிள் கேரியரில் வைத்து வளர்த்தது இவர்தான். குழந்தை இல்லை. என் ஜோக்குக்கு இந்த உலகத்திலேயே முதலில் சிரிப்பவர். எவ்வளவு முதலில் என்றால், நான் சொல்லத் தொடங்குவதற்கு முன்னாலேயே.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்பாவிடம் சொன்னார். "கனகு, பாப்பா பதினொண்ணாவதை எங்கூர்ல படிக்கட்டுமே. எங்கூட்லயே இருந்துக்கட்டும். ஊடு வெறிச்சுனு கெடக்குது. இவ வந்தா சத்தமாவது இருக்கும். அப்புறம் காலேஜு, கல்யாணம் எல்லாம் நாங்களே பண்ணிக்கறம்."

அப்பா கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் டேப் தொங்கும். அதை உருவி, சுருட்டி, மறுபடி விரித்து, "பார்க்கலாமுங்ணா" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மாவும், "பார்க்கலாமுங்க மாமா" என்றாள்.

இதை வெளியூர்க்காரர் படித்தால் குழம்பிப் போவார். எங்கள் ஊரில் முடியாது என்பதற்கு வேட்டி கட்டி, சட்டை போட்டு, திருநீறு பூசி அனுப்பினால் அதற்குப் பெயர் பார்க்கலாம். சீட்டுக்குச் சேரச் சொன்னால் பார்க்கலாம். வண்டி இரவல் கேட்டால் பார்க்கலாம். ஒருத்தரும் எதையும் பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு ஒரு கவலையும் இல்லை. கவினைக் கேட்காமல் ஏன் என்னைக் கேட்டார் என்று மட்டும் யோசித்தேன். கவினுக்கு ஜோக் சொல்ல வராது, அதனால் இருக்கும்.

குழாயடிக்கு ஏழு தடவை போய் வந்தேன். தண்ணீர் வரவில்லை. தண்ணீருக்காகப் போகவும் இல்லை.

மே 5, திங்கள்

புது விளம்பரம். மக்கள் சேவையே என் சேவை, ஆனால் இந்தத் தடவை பிழியாத சேவை. இந்த லைன் வீட்டில் எல்லாரிடமும் எல்லாம் இருக்கிறது, முடியாது என்று சொல்ல வாய்தான் இல்லை. எனக்கோ வாயைத் தவிர ஒன்றும் இல்லை. எனவே: "முடியாது. உங்களுக்காக நாங்களே நேரில் போய்ச் சொல்வோம். இலவசம். 3ஆம் நம்பர், கோகிலவாணி."

சுவர் குட்டை, என் எழுத்து பெரிது. முதல் வரியில் "முடி" மட்டும்தான் அடங்கியது. "யாது" அடுத்த வரிக்குப் போய்விட்டது. தமிழய்யா கேள்வித்தாளில் கேட்பது மாதிரி, முடி யாது?

சாயங்காலம் வேலுச்சாமி அண்ணன் தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். "பின்னாடி மட்டும் கொஞ்சங் கொறைச்சு உடு கண்ணு, காது மேல வெக்காத."

மே 7, புதன்

முதல் வாடிக்கையாளர், ஐந்தாம் நம்பர் ஜெயந்தி அக்கா. டெய்லர். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்தால் வாசலில் லைன் வீட்டு ஓனரம்மா ஜாக்கெட் துணியோடு நிற்பார். "சும்மா இருக்கறப்பத் தெச்சுக் குடு ஜெயந்தி." அக்கா பார்க்கலாமுங்க என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லி இந்த வருஷம் பதினெட்டு ஜாக்கெட் ஆகிவிட்டது.

நான் ஓனரம்மா வீட்டு மாடி ஏறினேன்.

"அத்தைங்க, ஜெயந்தியக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்னவாம்?"

"முடியாதாமுங்க."

"அய்யோ, என்ன பண்ணுது? காச்சலா?"

"உடம்பெல்லாம் நல்லா முடியுதுங்க. ஜாக்கெட்டுதான் முடியாதாமா."

ஓனரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதை அவ வாயில சொல்றதுக்கு என்ன கேடு?"

"அவுங்க வாயி பார்க்கலாம்னுதானுங்க சொல்லும். நீங்களும் பதினெட்டுத் தடவை பார்த்துட்டீங்க."

சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். தொழில் ரகசியம் இதுதான். சொன்ன வாய் மூடுவதற்குள் கால் படியில் இருக்க வேண்டும். நின்றால் பதில் வரும்.

ஜெயந்தி அக்கா தன் வாசலில் அப்படியே உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புதான் என்று நினைக்கிறேன். பிறகு ஐம்பது ரூபாயை நீட்டினார்.

"இலவசமுங்கக்கா."

"இதுக்குக் காசு குடுத்தாத் தகும் கோகி. வாங்கிக்க."

வாங்கவில்லை. காசு வாங்கினால் அது வேலையாகிவிடும். வேலை என்றால் நின்று பதில் கேட்க வேண்டும்.

மே 8, வியாழன்

ஓனரம்மா அம்மாவிடம் புகார். அம்மா என்னைத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, கம்பெனியில் தன்னை ஓவர்டைம் கேட்கிற சூப்பர்வைசரிடம் நான் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். நான் பார்க்கலாம் என்றேன். கரண்டி பறந்து வந்தது.

மே 10, சனி

தொழில் செழிக்கிறது. வேலுச்சாமி அண்ணனின் பைக்கை இரவல் கேட்பவர்களிடம் போய், வண்டிக்குக் காலு சுளுக்கு என்று சொல்லியாயிற்று. இரண்டாம் நம்பரில் ஒரு புதுப் பெண்ணுக்காக அவளுடைய நாத்தனாரிடம் போனில் முடியாது. அடுத்த தெருவிலிருந்துகூட ஆள் வருகிறது. எல்லாரும் காசை நீட்டுகிறார்கள். ஒருத்தர் போன் ரீசார்ஜ் செய்து தருகிறேன் என்றார். இலவசம் என்று எழுதி வைத்த இடத்தில் வந்து காசு வாங்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஜனத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இலவசமாகக் கிடைக்கிற வாயை விலைக்குக் கேட்கிறார்கள்.

மே 12, திங்கள்

பெரியப்பா போன். ஒரு வாரத்தில் இது நாலாவது.

"பாப்பா, உன்ற ரூமுக்கு என்ன கலரு அடிக்கட்டும்?"

என்ற ரூமு. அது எப்போது என் ரூம் ஆனது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பஞ்சுமிட்டாய் கலர் அடிங்க பெரியப்பா" என்றேன். ஜோக். எந்த மனிதர் ஒரு ரூமுக்கு அந்தக் கலர் அடிப்பார்?

அவர் சிரித்தார். அப்புறம் தூரத்தில் யாரையோ பார்த்து, "முருகா, பஞ்சுமிட்டாய் கலரு இருக்குதா கேளு" என்றார். சத்தம் போட்டுக் கேட்டார், சந்தோஷமாக.

"பெரியம்மாகிட்டக் குடுங்க."

"அவ களத்துல இருக்கறா கண்ணு."

போன தடவையும் களத்தில்தான் இருந்தார். அதற்கு முந்தின தடவையும். பாவம், கொப்பரைகூட அவ்வளவு நேரம் காயாது.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். நான் போனை வைத்ததும், "என்னவாம்?" என்றார்.

"பெயிண்ட்டு."

அப்பா டேப்பை எடுத்து எங்கள் வீட்டுச் சுவரை அளந்தார். எதற்கு என்று தெரியவில்லை. பத்துக்கு எட்டு. நேற்றும் அதே அளவுதான் இருந்தது.

மே 14, புதன்

ஏழாம் நம்பர் குணசேகரன் அண்ணனுக்கு ஊர் அருப்புக்கோட்டை. கூடப் படித்த ஒருத்தர் வேலை தேடித் திருப்பூர் வருகிறார், தன் ரூமில் ஏற்கெனவே நாலு பேர், இடம் இல்லை, முனை டீக்கடையில் இருப்பார், போய்ச் சொல்லிவிடு என்றார். நான் மறுக்க மறுக்க நூறு ரூபாயைக் கவின் பாக்கெட்டில் திணித்துவிட்டார்.

டீக்கடையில் ஒருத்தர் பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அப்பா வயது இருக்கும்.

"குணசேகரண்ணன் சொல்லச் சொன்னாருங்க. முடியாதாமுங்க."

"எது பாப்பா?"

"ரூம்ல இடமில்லியாமா."

"அப்படியா. போன்ல பாக்கலாம்டான்னு சொன்னான்ல. அதான் பாக்கலாம்னு கெளம்பி வந்துட்டேன்."

எனக்கு ஓடவேண்டிய நேரம் அது. ஆனால் அவர், "குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்றார். வீட்டுக்கு வந்து சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்று முழுதும் குடித்தார். அருப்புக்கோட்டைக்குத் திரும்ப எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சரி பாப்பா, நல்லாப் படி என்றார்.

சொம்பைக் கழுவி வைத்தேன். இரண்டு தடவை.

மே 15, வியாழன்

சேவை இன்று விடுமுறை.

நூறு ரூபாயை குணசேகரன் அண்ணனின் செருப்புக்குள் செருகிவிட்டு வந்தேன். நான் போய்ச் சொன்னதற்கு அல்ல அந்தக் காசு. அந்த முகத்தை அவர் பார்க்காமல் இருந்ததற்கு.

மே 16, வெள்ளி

ரிசல்ட். நானூற்று முப்பத்தெட்டு. தமிழில் தொண்ணூற்று நான்கு, வாய் வாழ்க. கணக்கைப் பற்றி இந்த நாட்குறிப்பு பேசாது.

அம்மா என் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பேன் பார்க்கிறாளோ என்று சந்தேகம் வந்தது. பெரியப்பா போனில், "எங்க ஊட்டுப் புள்ள நானூத்தி முப்பத்தெட்டு" என்று யாருக்கோ சொல்வது கேட்டது. அந்தப் பக்கத்து ஆள், "எந்த ஊட்டுப் புள்ள?" என்று கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா மறுபடி சொன்னார், "எங்க ஊட்டுப் புள்ள."

மே 19, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பம் வாங்க. ஆபீஸ் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"உனக்கெதுக்கு விண்ணப்பம்? உங்கப்பா சனிக்கிழமையே வந்து டிசி வாங்கீட்டுப் போயிட்டாரே."

டிசி என்றால் மாற்றுச் சான்றிதழ். பள்ளிக்கூடம் மாறுகிறவர்களுக்குக் கொடுப்பது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரேஷன் கார்டுக்கும் அம்மாவின் கல்யாணப் புடவைக்கும் நடுவில் இருந்தது. கோகிலவாணி, த/பெ கனகராசு. அங்க அடையாளம்: இடது முழங்கையில் ஒரு மச்சம். நடத்தை: நன்று. யாரைக் கேட்டு எழுதினார்களோ.

மடித்து, இருந்த மாதிரியே வைத்தேன். பிறகு கவினோடு கேரம் ஆடினேன். ஆறு ஆட்டம் தோற்றேன். அவனுக்கு ஆடவே தெரியாது.

மே 20, செவ்வாய்

துவைக்கிற கல்லில் அம்மா தனியாக இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாளித் தண்ணீரைக் காலால் கலக்கினேன்.

"அம்மா, அப்பா பெரியப்பாகிட்டப் பார்க்கலாம்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"அப்படீன்னா முடியாதுன்னுதானே?"

அம்மா பேன்ட்டைக் கல்லில் அடித்தாள். "உங்க பெரியப்பா அப்படி எடுத்துக்கல. பார்க்கலாம்னா சரீங்கறதாட்ட எடுத்துட்டாரு. ஊருக்குப் போன மக்காநாளே கட்டில் வாங்கிப் போட்டுட்டாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"உங்கப்பனை வளர்த்துனவரு அவரு. அவருகிட்டப் போயி எந்த வாயால சொல்றது?" பேன்ட்டைப் புரட்டிப் போட்டாள். "அங்க நல்லாச் சாப்புடுவ. தனி ரூமு இருக்குது. இங்க பத்துக்கு எட்டுல நாலு பேரு படுத்துக் கெடக்கறம். பொம்பளப் புள்ள, எப்படியும் ஒரு நா போறவதானே."

"நீ சொல்லு, போகட்டுமா?"

அம்மா பேன்ட்டைப் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை. பிழிந்துகொண்டே இருந்தாள்.

"என்னயக் கேட்டா?" என்றாள் கடைசியில். எழுந்து கொடிக்குப் போய்விட்டாள்.

பதினாறு நாளில் இருபத்திமூன்று முடியாது சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை.

மே 21, புதன்

இன்று செய்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். கை அரிக்கிறது.

ஜெயந்தி அக்காவின் போனை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, ஹையர் செகண்டரி ஸ்கூல் ஆபீசுங்க. கோகிலவாணிங்கற பொண்ணுக்கு சீட்டு கேட்டது நீங்கதானே? சீட்டு எல்லாம் முடிஞ்சு போச்சுங்க."

அந்தப் பக்கம் காக்காய்ச் சத்தம். களத்தில் நிற்கிறார்.

"ஏனுங்க டீச்சர்," என்றார் பெரியப்பா, குரலை இறக்கி. "அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணி இதைச் சொல்லீராதீங்க. நானூத்தி முப்பத்தெட்டு எடுத்திருக்குது, சங்கடப்பட்டுக்கும். நான் நாளைக்கே நேர்ல வாரேன். நீங்க எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கறனுங்க."

மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"டீச்சர், உங்களுக்குச் சளி புடிச்சிருக்குதாட்டங்குது. சுக்குத் தண்ணி வெச்சுக் குடிங்க."

போனை வைத்துவிட்டேன். அடுத்துப் பேசவேண்டியது என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். இன்னும் நாலு வரி மீதி இருந்தது. நல்ல வரிகள். மழையில் நனைந்த கிளார்க் மாதிரி ஒரு தும்மல்கூட வைத்திருந்தேன்.

மே 22, வியாழன்

பெரியப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். யாரோ விளையாட்டுக்குப் பேசியிருக்கிறார்கள், சீட் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவைக் கூட்டிப் போகிறோம், நீங்கள் யாரும் கவலைப்படாதீர்கள் என்றாராம்.

அம்மா என் மூக்கைப் பார்த்தாள்.

மே 24, சனி

பை கட்டியாயிற்று. அப்பா கட்டினார். என் துணிகளை பனியன் அடுக்குகிற மாதிரி ஓரம் சேர்த்து, தட்டித் தட்டி அடுக்கினார். ஒரு டாப்ஸை மட்டும் எடுத்து வெளியே வைத்தார். அப்புறம் உள்ளே வைத்தார். அப்புறம் வெளியே.

மே 25, ஞாயிறு

பதினோரு மணிக்கு ஆம்னி வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. பெரியப்பா வெள்ளைச் சட்டையில் இருந்தார். பெரியம்மாவும் வந்திருந்தார். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது இதோடு மூன்றாவது தடவை. எப்போதும் குறைவாகப் பேசுவார். இன்று அதிலும் பாதி.

அம்மா ஸ்டூல் மேல் இலை போட்டாள். பெரியப்பா, "சாப்பிட்டுட்டு ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பீரலாம்" என்று அப்பாவின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தேன். பெரியம்மா பின்னாலேயே வந்தார்.

"நீ ஏதோ சேவை பண்றயாமா. வேலுச்சாமிங்கறவரு வாசக் கேட்டுப் பக்கத்துல சொன்னாரு."

"சும்மாங்க பெரியம்மா."

"எனக்கும் ஒண்ணு சொல்லோணும்."

"யாருகிட்டங்க?"

பெரியம்மா தாடையால் எங்கள் வீட்டைக் காட்டினார். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் பேசினார். என்னைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்து.

"இருவத்தாறு வருசம் நாங்க ரெண்டே பேரா இருந்து பழகீட்டம். விசேசமா, விசேசமான்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓஞ்சு, இப்பத்தான் ஒருத்தரும் கேக்கறதில்ல. நீ வந்தீன்னா மறுபடியும் மொதல்லிருந்து கேப்பாங்க, யாரு புள்ள, எங்கிருந்து வந்துதுன்னு. எனக்கு இனிமேல் தெம்பில்ல. உன்னயப் புடிக்காம இல்ல சாமி."

"பெரியப்பாகிட்ட நீங்க என்னங்க சொன்னீங்க?"

"பார்க்கலாமுங்கன்னேன்."

குடம் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை. பெரியம்மா மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து மூடிவிட்டேன்.

உள்ளே போனேன். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அப்பா என் பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். அம்மா கையில் ரசக் கரண்டி.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லோணுமுங்க."

பெரியப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எப்போதும் போல, முன்கூட்டியே. "சொல்லு சாமி, சொல்லு."

"நான் வரலீங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது, அவர் அதில் இல்லை. சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"யாரு சொல்லச் சொன்னாங்க?"

பெரியப்பா இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இல்ல கண்ணு, நீ அடுத்தவங்களுக்குச் சொல்றவளாமா. வாசல்லயே சொன்னாங்க. அதான் கேக்கறேன். இது யாரோட முடியாது?"

நான் மூன்று பேரையும் பார்த்தேன். அப்பா டேப்பைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பார்த்தாள். பெரியம்மா கதவு நிலையில் சாய்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி இருந்தார். யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அது பொய் இல்லை. ஒரே கூடத்தில் எனக்கு மூன்று வாடிக்கையாளர்கள்.

"என்னோடதுங்க" என்றேன்.

கவின் அப்பளத்தைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தான்.

முதலில் அப்பாதான். தொண்டையைச் செருமி, "அவ இங்கயே படிக்கட்டுமுங்ணா" என்றார். என் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பிறகு அம்மா, "நாளைக்கே டிசியைத் திருப்பிக் குடுத்தறலாமுங்க" என்றாள், கரண்டியிடம் சொல்வது போல. ஒரு ஆள் கதவைத் திறந்தால் எல்லாரும் வெளியே வந்துவிடுகிறார்கள். பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அப்பச் சரி" என்றார் பெரியப்பா. இலையை மடித்தார். எழுந்து கை கழுவினார், துண்டில் துடைத்தார், யாரையும் கோபமாகப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பவில்லை.

என் கால் பழக்கத்தில் பின்பக்கம் திரும்பியது. துவைக்கிற கல்லைத் தாண்டிக் குதித்தால் அடுத்த தெரு. அங்கிருந்து ஓடினால் சாயங்காலம் வரை யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம்.

கேட்டுக்குப் போனேன். வேனின் இந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டீரிங் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். சாவி போடவில்லை. அவர் முகம் இருந்த மாதிரி நான் எந்த முகத்தையும் பார்த்ததில்லை. அழவில்லை. ஏதோ கணக்கு வராத ஆள் மாதிரி, கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பாமல் அந்த முகத்தைப் பார்த்தேன்.

ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமலே, "ஜோக்கு ஏதாச்சும் இருக்குதா கண்ணு?" என்றார்.

"இப்பத்திக்கு ஒண்ணுமில்லீங்க பெரியப்பா."

தலையை ஆட்டினார்.

வேனுக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. கண்ணாடியை இறக்கினேன். நான் இறங்கவில்லை.